ஜான் நியூட்டன்: ஒரு நாள் மனமாற்றமும் நாற்பது ஆண்டு மாற்றமும்

முன்னுரை

கிறித்தவ சமயத்தில் 'மனந்திரும்புதல்' என்னும் சொல்லுக்குத் தனி இடம் உண்டு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு ஆளப்படும் சொல் 'மெட்டனோயா'. மனம் மாறுதல், எண்ணும் முறையே மாறுதல் என்பது அதன் பொருள். தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் ஒளியைக் கண்டு கீழே விழுந்த பவுல், எரிகோவில் மரத்திலிருந்து இறங்கி வந்த வரி வசூலிப்பவரான சகேயு போன்றோரின் வரலாறுகளைப் படிப்பவர்கள், மனந்திரும்புதல் என்பது ஒரே நொடியில் நடந்து முடிந்துவிடும் நிகழ்ச்சி என்று எண்ணுவது இயல்பு.

அப்படிப்பட்ட ஒன்றாகவே உலகெங்கும் சொல்லப்படுவது ஜான் நியூட்டனின் (1725–1807) கதை. அடிமைக் கப்பலின் தலைவர் ஒருவர் புயலில் சிக்கினார், கடவுளை வேண்டினார், உயிர் பிழைத்தார், அன்றே அடிமை வணிகத்தை விட்டொழித்தார், 'அமேசிங் கிரேஸ்' என்னும் பாடலை எழுதினார். நானும் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் காலை வழிபாட்டில் இக்கதையை இப்படித்தான் சொல்லி வந்தேன். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சார், அந்தக் கப்பல்ல இருந்த அடிமைங்கள அவரு விட்டுட்டாரா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான் நான் சொல்லி வந்த கதை பெரும்பாலும் தவறு என்று தெரிந்தது. அந்தப் புயலின்போது அவர் கப்பல் தலைவர் அல்லர். அக்கப்பலில் அடிமைகளும் இல்லை. அதைவிட முக்கியமாக, மனந்திரும்பிய பிறகுதான் அவர் அடிமைக் கப்பலின் தலைவரானார்.

உண்மை வரலாறு கதையைப் போல அழகானதன்று. ஆனால் மனித மனம் எப்படி மாறுகிறது, எவ்வளவு மெதுவாக மாறுகிறது, மாறிய பின் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதைக் கதையைவிட நன்றாகக் கற்பிப்பது அந்த வரலாறே.

பிறப்பும் இளமையும்

ஜான் நியூட்டன் 1725-ஆம் ஆண்டு சூலை 24 அன்று லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள வாப்பிங் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தை மத்தியதரைக் கடல் பகுதியில் வணிகம் செய்த கப்பலின் தலைவர். தாய் எலிசபெத் ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். அரசுத் திருச்சபையைச் சேராத சபை ஒன்றில் உறுப்பினர். மகனுக்கு மிகச் சிறிய வயதிலேயே படிக்கக் கற்றுக்கொடுத்து, வேத பாடங்களையும் ஐசக் வாட்ஸ் இயற்றிய பாடல்களையும் மனப்பாடம் செய்ய வைத்தார். மகன் போதகராக வேண்டும் என்பது அவரது ஆசை. ஆனால் நியூட்டனுக்கு ஏழு வயது நிறைவடையச் சில நாள்களே இருந்தபோது அவர் காசநோயால் இறந்துபோனார்.

தந்தை மறுமணம் செய்துகொண்டார். உறைவிடப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் படித்ததோடு நியூட்டனின் பள்ளிக் கல்வி முடிந்தது. 11 வயதில் தந்தையோடு கடலுக்குச் சென்றார். 1742-இல், 17 வயதில், கென்ட் மாவட்டத்தில் தாயின் நண்பர் குடும்பத்தைப் பார்க்கப் போனவர் அவ்வீட்டு மகள் மேரி கேட்லெட்டைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். மூன்று நாள் தங்கப் போனவர் மூன்று வாரம் தங்கியதால், ஜமைக்காவுக்கு அவர் செல்ல வேண்டிய கப்பல் அவரை விட்டுவிட்டுச் சென்றுவிட்டது. மேரியின் மீது கொண்ட அந்த அன்பு மட்டும் அவரது தாறுமாறான இளமைக் காலம் முழுவதும் மாறாமல் இருந்தது.

அடிமைகளின் நடுவே ஓர் ஆங்கிலேயர்

அக்காலத்தில் பிரித்தானியக் கடற்படை துறைமுகங்களில் கண்ட இளைஞர்களைக் கட்டாயமாகப் பிடித்துச் சென்று படையில் சேர்ப்பது வழக்கம். 1744-இல் நியூட்டன் அவ்வாறு பிடிக்கப்பட்டு 'ஹாரிச்' என்னும் போர்க்கப்பலில் சேர்க்கப்பட்டார். தந்தையின் செல்வாக்கால் சிறு அதிகாரியானார். கப்பல் கீழை நாடுகளை நோக்கி நீண்ட பயணம் போகப்போகிறது, மேரியைப் பல ஆண்டுகள் பார்க்க இயலாது என்று தெரிந்ததும் தப்பி ஓடினார். பிடிபட்டார், எல்லார் முன்னிலையிலும் கசையடி பெற்றார், பதவி பறிக்கப்பட்டு அடிமட்ட மாலுமியாக்கப்பட்டார். இதே காலத்தில் கடவுள் நம்பிக்கையை முற்றிலும் கைவிட்டதோடு, பிறரது நம்பிக்கையைக் கேலி செய்வதையும் பொழுதுபோக்காக்கிக் கொண்டார்.

1745-இல் மதீரா தீவுக்கு அருகே மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் அடிமைக் கப்பல் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். பின்னர் சியரா லியோனின் கரைக்கு அருகே பிளாண்டைன் தீவில் ஓர் ஆங்கிலேய அடிமை வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காய்ச்சலில் விழுந்தார். அந்த வணிகரின் ஆப்பிரிக்க மனைவிக்கு இவரைப் பிடிக்கவில்லை. உணவின்றி, இரவில் தோட்டத்துக் கிழங்குகளைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்று உயிர் வாழ்ந்தார். சங்கிலியில் கட்டப்பட்டிருந்த அடிமைகள் இரக்கப்பட்டுத் தங்கள் பங்கு உணவிலிருந்து இவருக்கு மறைவாகக் கொடுத்ததை இவரே பின்னாளில் எழுதியுள்ளார்.

அந்த நிலையிலும் அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. அது யூக்ளிடின் வடிவியல் நூல். கடற்கரை மணலில் நீண்ட குச்சியால் படங்கள் வரைந்து அதைத் தானே கற்றார். கணிதம் கற்பித்த ஆசிரியர் எவரும் இந்தச் செய்தியை மறக்க மாட்டார்.

1748 மார்ச் 21

மகன் காணாமற்போனதை அறிந்த தந்தை, லிவர்பூல் வணிகரான ஜோசப் மானெஸ்டி என்னும் நண்பரிடம் உதவி கேட்டார். மானெஸ்டியின் 'கிரேஹவுண்ட்' கப்பல் 1747-இல் நியூட்டனைக் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டது. அக்கப்பல் பொன், தந்தம், சாய மரம், தேன்மெழுகு ஆகியவற்றை வாங்கும் கப்பல். ஆப்பிரிக்கக் கரையில் நெடுநாள் சுற்றிவிட்டு, அட்லாண்டிக் பெருங்கடலைச் சுற்றி இங்கிலாந்துக்குத் திரும்பியது. வழியில் பொழுதுபோகாமல் தாமஸ் அ கெம்பிஸ் எழுதிய 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்' என்னும் நூலை எடுத்துப் படித்தார் நியூட்டன். இதெல்லாம் உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் எழுந்ததும் நூலை மூடி வைத்துவிட்டார்.

அன்றிரவே பெரும் புயல் தாக்கியது. கப்பலின் ஒரு பக்கம் உடைந்து நீர் புகுந்தது. மேல்தளத்துக்கு ஏறப்போன நியூட்டனைத் தலைவர் ஒரு கத்தி எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவருக்குப் பதிலாக மேலே போனவரை அலை அடித்துச் சென்றுவிட்டது. நியூட்டன் மணிக்கணக்கில் நீரை இறைத்தார். பின் தம்மைக் கயிற்றால் கட்டிக்கொண்டு 11 மணி நேரம் சுக்கான் பிடித்தார். இடையே, தம்மை அறியாமலேயே ஆண்டவரின் இரக்கத்தை வேண்டும் சொற்கள் வாயிலிருந்து வந்தன. பல ஆண்டுகளுக்குப் பின் அவர் வாயில் வந்த முதல் வேண்டுதல் அது. மரமும் மெழுகும் நீரில் மிதக்கும் சரக்குகள் என்பதால் உடைந்த கப்பல் மூழ்காமல் தாங்கியது.

உணவு தீர்ந்த நிலையில் மேலும் நான்கு வாரங்கள் தத்தளித்தனர். நியூட்டன்தான் இந்தக் கப்பலின் யோனா, இவரைக் கடலில் எறிந்தால்தான் மீட்சி என்று தலைவர் புலம்பும் அளவுக்கு நிலைமை மோசமாயிற்று. ஏப்ரல் 8 அன்று அயர்லாந்தின் கரையை அடைந்தனர்.

புயல் வந்த நாள் அன்றைய பழைய நாட்காட்டிப்படி மார்ச் 10. பிரித்தானியா 1752-இல் புதிய நாட்காட்டிக்கு மாறிய பின் அது மார்ச் 21 ஆயிற்று. அந்த நாளை வாழ்நாள் முழுவதும் நோன்பும் நன்றியுமாகக் கடைப்பிடித்தார் நியூட்டன். ஆயினும், முழுமையான பொருளில் தாம் விசுவாசியானது அதற்கு வெகுகாலம் கழித்தே என்று அவரே எழுதினார். இந்தக் குறிப்பைக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

மனந்திரும்பிய பின்னும் அடிமை வணிகம்

புயலுக்குப் பின் சில மாதங்களிலேயே 'பிரவுன்லோ' என்னும் அடிமைக் கப்பலில் துணைத் தலைவராகச் சேர்ந்தார். 1750 பிப்ரவரியில் மேரியை மணந்தார். அதே ஆண்டு 'டியூக் ஆஃப் ஆர்கைல்' கப்பலின் தலைவரானார். பின்னர் 'ஆப்பிரிக்கன்' என்னும் கப்பலில் இரு பயணங்கள். ஆக, 1750 முதல் 1754 வரை மூன்று முறை தலைவராகச் சென்று ஆப்பிரிக்க மக்களை வாங்கி மேற்கிந்தியத் தீவுகளில் விற்றார்.

இப்பயணங்களின்போது அவர் எழுதிய நாட்குறிப்பேடு இன்றும் உள்ளது. 1962-இல் நூலாகவும் வந்துள்ளது. அதில் வாங்கிய மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே உண்டு. இறந்தவர்களைக் கடலில் இட்டதையும் அந்த எண்ணாலேயே குறித்திருக்கிறார். கலகம் செய்யத் திட்டமிட்டதாக ஐயம் எழுந்தபோது சிறுவர்களின் கட்டைவிரல்களை நெருக்கும் கருவியைப் பயன்படுத்தி உண்மையை வரவழைத்ததையும் எழுதியிருக்கிறார்.

அதே கப்பலில், அதே நாட்களில், அவர் காலையும் மாலையும் வேதம் படித்தார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். ஓய்வு நேரத்தில் இலத்தீன் கற்றார். மனைவிக்கு அன்பு ததும்பும் கடிதங்கள் எழுதினார். தலைவரின் அறையில் வேண்டுதல், அதன் கீழ்த்தளத்தில் சங்கிலியில் கட்டுண்ட மனிதர்கள். இந்த இரண்டுக்கும் இடையே இருந்தது ஒரு பலகைதான். ஆனால் அந்தப் பலகையை அவர் மனம் பல ஆண்டுகள் கடக்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். அவர் நடித்தாரா? அவருடைய எழுத்துகளைப் படிப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. வசைச் சொற்களை விட்டார். கடவுளைப் பழிப்பதை விட்டார். குடியையும் ஒழுங்கற்ற வாழ்வையும் விட்டார். மனைவிக்கு உண்மையாக இருந்தார். தம் வாழ்வில் எவையெல்லாம் பாவம் என்று அவர் கருதினாரோ அவற்றையெல்லாம் மாற்றிக்கொண்டார். சோறு போடும் தொழில் அந்தப் பட்டியலில் இல்லை.

1754 நவம்பரில் அடுத்த பயணத்துக்கு இரண்டு நாட்களே இருந்தபோது திடீரென வலிப்பு வந்து விழுந்தார். மருத்துவர்கள் அறிவுரைப்படி பயணத்தை விட்டார். அவருக்குப் பதிலாகச் சென்ற தலைவரும் பெரும்பாலான அதிகாரிகளும் அப்பயணத்தில் இறந்துபோயினர். ஆக, நியூட்டன் அடிமை வணிகத்தை விட்டதற்கு உடனடிக் காரணம் உடல்நலக் குறைவே. சங்கிலிகளோடும் பூட்டுகளோடும் புழங்கும் சிறைக்காவலர் வேலை போன்ற அத்தொழிலில் தமக்கு வெறுப்பு ஏற்பட்டிருந்தது, வேறு தொழில் கிடைக்கவேண்டும் என்று வேண்டினேன் என்று அவர் எழுதியுள்ளார். ஆனால் அது தவறு என்று அப்போது தோன்றவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியுள்ளார்.

கண் திறக்காததற்குக் காரணங்கள்

நியூட்டன் ஒருவரை மட்டும் குறைசொல்லிவிட்டுக் கடந்து போவது எளிது. அவர் காலத்துச் சூழலையும் காண வேண்டும்.

முதலாவது, சட்டம் அனுமதித்தது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர் என்றும், அவர்களில் சுமார் 1.07 கோடிப் பேரே உயிரோடு அமெரிக்கக் கண்டங்களை அடைந்தனர் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். லிவர்பூல் நகரம் இவ்வணிகத்தால் செழித்தது. அடிமைக் கப்பலின் தலைவர் என்பது மதிப்புக்குரிய பதவி.

இரண்டாவது, திருச்சபையே வழிகாட்டவில்லை. எஸ்.பி.ஜி. என்னும் நற்செய்திப் பரப்பு கழகம் பார்படோஸ் தீவில் கோட்ரிங்டன் என்பவர் உயில்வழி விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களுக்கு உரிமையாளராக இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் அடிமைகள். பிற்காலத்தில் நம் திருநெல்வேலிச் சீமையில் ஆலயங்களும் பள்ளிகளும் அமைத்ததும், கால்டுவெல் ஐயர் பணிபுரிந்ததும் இதே கழகத்தில்தான்.

மூன்றாவது, அவர் பழகிய நண்பர்களிடமிருந்து கண்டிக்கும் குரல் எழவில்லை. தவறென்று ஒருவரும் சொல்லாத தவறைத் தானே கண்டுகொள்வது கடினம்.

ஆனாலும் இந்தக் காரணங்கள் அவரை முழுதும் விடுவிப்பதில்லை. குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் 1688-லேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் அடிமை முறையைக் கண்டித்து எழுதினர். ஜான் வெஸ்லி 1774-இல் அடிமை முறைக்கு எதிராகத் தனி நூல் வெளியிட்டார். ஒளி இல்லாத காலமன்று அது. சிலர் கண்டார்கள், பலர் காணவில்லை.

ஓல்னியில் போதகர் பணி

கப்பலை விட்ட நியூட்டன் 1755 முதல் லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றினார். கிரேக்கமும் எபிரேயமும் தாமே கற்றார். குருப்பட்டம் பெற விரும்பி 1758-இல் விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதது ஒரு தடை. மெதடிஸ்டுகளோடு அவருக்கு இருந்த நெருக்கம் இன்னொரு தடை. ஆறு ஆண்டுகள் முயன்று, டார்ட்மவுத் பிரபுவின் பரிந்துரையால் 1764-இல் குருப்பட்டம் பெற்று, பக்கிங்காம் மாவட்டத்தில் ஓல்னி என்னும் சிற்றூருக்கு உதவிக் குருவாக அனுப்பப்பட்டார்.

ஓல்னி மக்களில் பலர் கையால் பின்னல் லேஸ் செய்து பிழைத்த ஏழைகள். நியூட்டன் வீடு வீடாகச் சென்றார். குழந்தைகளுக்குத் தனி வகுப்பு வைத்தார். வாராந்திர வேண்டுதல் கூட்டங்களுக்கு எளிய சொற்களில் பாடல்கள் எழுதினார். 1767-இல் அவ்வூருக்குக் குடிவந்த கவிஞர் வில்லியம் கூப்பர் கடுமையான மனச்சோர்வு நோயால் அவதிப்பட்டவர். உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றவர். நோய் முற்றிய காலத்தில் அவரைப் பல மாதங்கள் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவர் நியூட்டனும் மேரியும்தாம். இருவரின் பாடல்களும் சேர்ந்து 'ஓல்னி பாடல்கள்' என்று 1779-இல் வெளிவந்தன. மொத்தம் 348 பாடல்கள். பெரும்பகுதி நியூட்டன் எழுதியவை.

அத்தொகுப்பில் உள்ளதுதான் 'அமேசிங் கிரேஸ்'. 1773-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாள் பிரசங்கத்தை ஒட்டி எழுதப்பட்டது அது. 1 நாளாகமம் 17-ஆம் அதிகாரத்தில் தாவீது அரசர் செய்யும் வேண்டுதலே அன்றைய வசனப் பகுதி. இன்று உலகம் பாடும் மெட்டோடு அப்பாடல் இணைந்தது 1835-இல், அமெரிக்காவில்தான். நியூட்டன் அந்த மெட்டைக் கேட்டதில்லை.

ஆண்டுகளைக் கவனித்தால் ஓர் உண்மை தெரியும். புயல் 1748, பாடல் 1773. இடையே 25 ஆண்டுகள். பாடலில் தாம் கெட்டுப்போனவர், குருடாயிருந்தவர் என்று கூறும் நியூட்டன், அடிமை வணிகத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. 1764-இல் வெளியான அவரது தன்வரலாற்றிலும் அதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. மெல்ல மெல்லத்தான் பார்வை தெளிந்தது.

வில்பர்போர்ஸுக்குச் சொன்ன அறிவுரை

1780 தொடக்கத்தில் லண்டன் நகரின் நடுவே லொம்பார்டு தெருவை ஒட்டிய செயிண்ட் மேரி உல்னாத் ஆலயத்துக்குப் போதகராக வந்தார் நியூட்டன்.

1785 டிசம்பரில் 26 வயது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இவரைத் தேடி வந்தார். தயக்கத்தால் சதுக்கத்தை ஓரிருமுறை சுற்றிவிட்டுத்தான் கதவைத் தட்டினார். அவர் வில்லியம் வில்பர்போர்ஸ். சிறுவயதில் அத்தையின் வீட்டில் நியூட்டனைக் கண்டு பழகியவர். இப்போது புதிதாக இறைப்பற்று கொண்டு, அரசியலை விட்டுவிட்டுக் குருவாகப் போகலாமா என்ற குழப்பத்தில் வந்திருந்தார்.

வேறு ஒரு போதகராக இருந்தால், செல்வாக்குள்ள இளைஞர் ஒருவர் துறவுபூண வந்ததில் மகிழ்ந்திருக்கலாம். நியூட்டன் அவரை நாடாளுமன்றத்திலேயே இருக்கச் சொன்னார். கடவுளுக்கும் மக்களுக்கும் அங்கேயே பணிசெய்ய முடியும் என்றார். இரண்டு ஆண்டுகளுக்குள் வில்பர்போர்ஸ் அடிமை வணிக ஒழிப்பைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றார். 1787 மே மாதத்தில் 12 பேர் கூடி அடிமை வணிக ஒழிப்புச் சங்கத்தை அமைத்தனர். அவர்களில் 9 பேர் குவேக்கர்கள்.

1788: வாய் திறந்த ஆண்டு

அடிமை வணிகத்துக்கு எதிராக வாதாடியவர்களில் பெரும்பாலோர் அடிமைக் கப்பலில் பயணம் செய்யாதவர்கள். வணிகர்களோ அடிமைகள் கப்பலில் நலமாகவே இருக்கிறார்கள் என்று சாதித்தனர். அதை மறுக்க உள்ளிருந்து பார்த்தவரின் சான்று தேவைப்பட்டது. அந்தச் சான்றைத் தர முன்வந்தால் தம் வெட்கத்தையே ஊரறியச் சொல்ல வேண்டும். மதிப்புமிக்க போதகராக, 62 வயதில், நியூட்டன் அதைச் செய்தார்.

1788-இல் 'ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய எண்ணங்கள்' என்ற சிறுநூலை வெளியிட்டார். தாம் ஒரு காலத்தில் ஈடுபட்டிருந்த தொழிலை நினைத்தால் இப்போது உள்ளம் நடுங்குகிறது என்றும், தம் ஒப்புதல் வாக்குமூலம் மிகவும் தாமதமாக வருகிறது, தாம் துணைபோன துன்பத்தை இனி அது ஈடுசெய்யாது என்றும் அதில் ஒப்புக்கொண்டார். பின்னர் கண்டவற்றை ஒன்றொன்றாக எழுதினார். அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல மனிதர்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டதை எழுதினார். இருவர் இருவராகச் சங்கிலியால் பிணைக்கப்பட்டு, உயிரோடிருப்பவர் பிணத்தோடு பூட்டப்பட்டுக் கிடந்ததை எழுதினார். பெண்கள் மாலுமிகளின் வன்முறைக்கு ஆளானதை எழுதினார். அழுகையால் தூக்கம் கெட்டது என்று தாயின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக் கடலில் எறிந்த அதிகாரியைப் பற்றி எழுதினார். வாங்கப்படுவோரில் சராசரியாக நான்கில் ஒரு பங்கினர் இறந்துவிடுகிறார்கள் என்று கணக்கும் சொன்னார்.

இந்நூல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பி வைக்கப்பட்டது. அதே ஆண்டில் அரசின் ஆலோசனைக் குழு முன்னும், 1790-இல் மக்களவைக் குழு முன்னும் நேரில் சாட்சி சொன்னார். 1789-இல் ஒலாடா எக்குவியானோ என்னும் ஆப்பிரிக்கர், அடிமையாக விற்கப்பட்ட தம் சொந்த வரலாற்றை நூலாக வெளியிட்டார். விற்றவரின் ஒப்புதலும் விற்கப்பட்டவரின் குரலும் அடுத்தடுத்து வந்தபோது வணிகர்களின் வாதம் வலுவிழந்தது.

ஆயினும் வெற்றி உடனே வரவில்லை. 1791-இல் வில்பர்போர்ஸின் முயற்சி 88-க்கு 163 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் தோற்று, 1807 பிப்ரவரியில் 283-க்கு 16 என்ற வாக்குகளில் வென்றது. மார்ச் 25 அன்று சட்டமாயிற்று.

இந்தியத் தொடர்பு

நியூட்டனின் வாழ்வு நம் மண்ணையும் தொட்டிருக்கிறது. கிளாடியஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் வீட்டாரிடம் பொய் சொல்லிவிட்டு லண்டனில் அலைந்து திரிந்தவர். செயிண்ட் மேரி உல்னாத் ஆலயத்தில் நியூட்டனின் பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறினார். நியூட்டனின் நண்பர் ஹென்றி தார்ன்டன் உதவியால் கேம்பிரிட்ஜில் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவாக வங்காளத்துக்கு வந்தார். கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியின் துணைத் தலைவரானார். 1806-இல் தென்னாட்டுப் பயணம் மேற்கொண்டு தரங்கம்பாடி, தஞ்சாவூர் ஆகிய ஊர்களையும் கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களையும் கண்டு, தம் நூலில் விரிவாக எழுதினார்.

இறுதிக் காலம்

1790 டிசம்பரில் மேரி புற்றுநோயால் இறந்தார். 40 ஆண்டு இல்லற வாழ்வு. பிள்ளைகள் இல்லை, உறவினர் பெண்கள் இருவரை வளர்த்தனர். மனைவியின் மறைவுக்குப் பிறகும் நியூட்டன் பணியை நிறுத்தவில்லை. கண்பார்வை மங்கி, நினைவு தவறி, பேச்சின் நடுவே எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே மறந்துபோகும் நிலை வந்தது. நண்பர்கள் ஓய்வெடுக்கச் சொன்னபோதும் 80 வயதைக் கடந்து பிரசங்க மேடை ஏறினார்.

சட்டம் நிறைவேறியதைக் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது. அதே 1807-ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று, 82 வயதில் காலமானார். தம் கல்லறை வாசகத்தைத் தாமே எழுதி வைத்திருந்தார். அதில் சிறப்புப் பட்டங்கள் இல்லை. முன்பு நம்பிக்கையற்றவனாகவும் ஒழுங்கற்றவனாகவும் ஆப்பிரிக்காவில் இழிநிலையில் இருந்தவன் என்பதையே முதலில் குறித்திருந்தார். 1893-இல் அவருடைய உடல் எச்சங்கள் மேரியின் எச்சங்களோடு ஓல்னிக்கு மாற்றி அடக்கம் செய்யப்பட்டன.

மதிப்பீடு

நியூட்டனைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ஒரு சாரார் அவரைப் புயலில் புனிதரானவராகக் கொண்டாடுகின்றனர். மறு சாரார், மனந்திரும்பிய பின்னும் மனிதர்களை விற்றவரின் பக்தி போலியானது என்கின்றனர். இரண்டுமே பாதி வரலாறு.

சகேயுவின் கதையோடு ஒப்பிட்டால் நியூட்டனின் குறையும் நிறையும் தெளிவாகும். சகேயு மனந்திரும்பிய அன்றே தன் தொழிலைத் தொட்டார். செல்வத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு திருப்பித் தருவதாகவும் சொன்னார். நியூட்டன் பேச்சையும் பழக்கத்தையும் முதலில் மாற்றினார். தொழிலைப் பற்றிய மனச்சான்று கடைசியாக விழித்தது. அது விழித்தபோது திருப்பித் தருவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. அவர் விற்ற மனிதர்கள் மேற்கிந்தியத் தோட்டங்களில் மடிந்திருப்பார்கள். அவருடைய மன்னிப்பு வேண்டுதல் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவரால் தர முடிந்தது சாட்சியம் ஒன்றுதான். அதை அவர் ஒளிக்காமல் தந்தார்.

நிலைத்த பற்றுறுதி என்பதை இங்கேதான் காண்கிறோம். தொடக்கத்திலேயே எல்லாம் சரியாக இருந்தது என்பதற்கு அப்பெயர் பொருந்தாது. முதுமையிலும் தன் பழைய வாழ்வைத் திரும்ப ஆராய்ந்து, தவறு என்று கண்டதைத் தன் பெயர் கெட்டாலும் ஊரறியச் சொல்லும் அளவுக்கு உள்ளம் திறந்தே இருந்தது என்பதற்கே அப்பெயர் பொருந்தும். பவுலும் தமஸ்கு அனுபவத்துக்குப் பின் உடனே எருசலேமுக்குப் போய்விடவில்லை. அரேபியாவுக்குப் போனார், மூன்று ஆண்டுகள் கழித்தே எருசலேமுக்கு வந்தார் என்று கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் கூறுகிறது.

முடிவுரை

1748-இல் தொடங்கிய மாற்றம் 1788-இல் வெளிப்படையாகக் கனிந்தது. சரியாக 40 ஆண்டுகள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேல் மக்கள் வனாந்தரத்தில் நடந்ததும் 40 ஆண்டுகளே. எகிப்தை விட்டு வெளியேற ஓர் இரவு போதுமாயிருந்தது. எகிப்து அவர்களுக்குள்ளிருந்து வெளியேற ஒரு தலைமுறை ஆயிற்று என்று வேதபாட வகுப்புகளில் சொல்வதுண்டு.

அந்த மாணவனின் கேள்விக்கு இன்று என்னிடம் விடை இருக்கிறது. இல்லை தம்பி, அவர்களை அவர் விடுவிக்கவில்லை. தவறு என்று உணரவே அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. உணர்ந்தபின் மறைக்காமல் சொன்னார். நம் காலத்தில் எல்லாரும் செய்கிறார்கள், சட்டமும் அனுமதிக்கிறது, யாரும் தவறென்று சொல்லவில்லை என்று நாம் நிம்மதியாகச் செய்துவரும் காரியங்கள் எவை என்று கேட்டுப் பார்ப்பதே இவ்வரலாற்றைப் படிப்பதன் பயன்.